ஆர்டிஐ போட்டு அரசியல் பண்ணின கதைகள்: உங்கள் ஊரில் எப்படி?

முன்னாள் கிளார்க்:
ஒரு பேரூராட்சியில் ஆறு வருடம் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஊர் பேர் வேண்டாம். 2022 பிப்ரவரி தேர்தலில் சொற்ப ஓட்டில் தோற்ற ஒருவர் அடுத்த மாதமே ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட ஆரம்பித்தார். முதல் மனு நியாயமானது, ஒரு சிமென்ட் சாலையின் பணி ஆணையும், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேட்டார், கொடுத்தோம். அப்புறம் வந்தது, "கடந்த பத்து ஆண்டுகளின் அனைத்துச் செலவு வவுச்சர்களின் நகல்". அதே வாசகம், அதே கையெழுத்து, கீழே மட்டும் ஒரு தடவை மனைவி பெயர், ஒரு தடவை மைத்துனர் பெயர், ஒரு தடவை கடைப் பையன் பெயர். எல்லாவற்றிலும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒழுங்காக ஒட்டியிருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

எண்ணிப் பார்த்ததில் மூவாயிரம் பக்கம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் போட்டோம், கட்டவில்லை. கேட்ட வடிவில் கொடுத்தால் ஆபீஸ் வேலை முடங்கும் என்றால் வேறு வடிவில் தரலாம் என்கிற பிரிவு 7(9)-ஐச் சொல்லி நேரில் வந்து கோப்பைப் பாருங்கள் என்றோம், வரவில்லை. ஆனால் 30 நாள் முடிந்த மறுநாள் மேல்முறையீடு மட்டும் டாண் என்று வந்து நிற்கும். அவருக்கு வவுச்சர் எதுக்கு? டீக்கடையில் எடுத்துக் காட்ட, மனு வந்து சேர்ந்ததற்கான தபால் ஒப்புதல் அட்டை இருந்தால் போதும்.

இதில் கொடுமை என்னவென்றால் அவர் குறி வைத்தது பேரூராட்சித் தலைவரை. அபராதம் வந்தால் நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அது விழுவது மனுவுக்குப் பதில் தர வேண்டிய தகவல் அலுவலர் தலையில், எங்கள் ஆபீஸில் அது செயல் அலுவலர். தலைவர் நிம்மதியாக இருந்தார். நாங்கள் இரண்டு பேர் பதிவறையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தோம், வெளியே பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள் நின்றார்கள்.

மனு எழுதிக்கொடுத்தவன்:
என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் மனு எழுதிக்கொடுத்துச் சம்பாதித்தேன். ஒருவர் வந்தார், எதிர்க்கட்சிக்காரரின் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, அவர் விடுப்புக் கணக்கும் பணிப் பதிவேடும் வேண்டுமாம். சார், இது தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(j)-யில் தள்ளிவிடுவார்கள், 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு என்றேன். "தள்ளட்டும், நீ எழுது" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. பிரிவு 11-படி மூன்றாம் தரப்பு என்று அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் பள்ளிக்கே போனது, இன்னார் உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஆட்சேபம் உண்டா என்று. ஸ்டாஃப் ரூம் முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு. அவர் கேட்டதே அந்தக் கடிதத்துக்காகத்தான். அதோடு எழுதுவதை விட்டுவிட்டேன்.

வாய்க்கால் தெரு:
நான் மறுபக்கம். எங்கள் தெருவில் கட்டின மழைநீர் வடிகாலுக்கு மதிப்பீடும் அளவுப் புத்தகமும் கேட்டேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை கொடுத்த மனு புதன்கிழமை ராத்திரி கவுன்சிலரின் வீட்டுக்காரர் போனில் போட்டோவாக இருந்தது. வாசலில் நின்று, "தம்பி, யார் சொல்லிப் போட்டே?" என்று கேட்கிறார். ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரைக் கேட்கவே கூடாது, பிரிவு 6(2). ஆபீஸில் யாரும் கேட்கவில்லைதான், தெருவே கேட்டது. எங்கள் ஊரில் தேர்தலில் தோற்றவரின் ஆள் நான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது, அவரிடம் நான் அதுவரை பேசினதுகூட இல்லை.

முன்னாள் கிளார்க்:
@வாய்க்கால் தெரு, நம்புகிறேன். எங்கள் ஆபீஸிலும் மனு கசிந்திருக்கிறது, யோக்கியம் பேச மாட்டேன். இன்னொன்று, 75 சதவீத ஊழியர்கள் 75 சதவீத நேரத்தைத் தகவல் திரட்டவே செலவிடக் கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அச்சடித்து வைத்துக்கொண்டு நல்ல மனுவுக்கும் அதையே பதிலாகப் போட்டோம். பிரிவு 4-படி செலவுக் கணக்கை நாங்களே வெளியிட்டிருந்தால் அந்த மனுஷனுக்கு வேலையே இருந்திருக்காது. சரி, உங்களுக்குப் பதில் வந்ததா?

வாய்க்கால் தெரு:
வந்தது, 52-ஆவது நாள். 30 நாள் தாண்டினால் நகல் இலவசம் என்று 7(6)-ஐக் காட்டித்தான் வாங்கினேன். புத்தகத்தில் 140 மீட்டர். நான் டேப் பிடித்து அளந்தால் 96. அந்தத் தோற்ற ஆள் தானாகவே வீடு தேடி வந்து, "நான் பார்த்துக்கறேன் தம்பி" என்று ஒரு ஜெராக்ஸ் வாங்கிப் போனார். அடுத்த மாதம் தலைவர் வீட்டுக் காதுகுத்தில் அவரும் தலைவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். வடிகால் இன்னும் 96 மீட்டர்தான்.