செம்மறிக்குப் போடும் சோளத்தட்டும் கடலைக்கொடியும் மிதிபட்டு வீணாகுது, தீவன ஸ்டேண்டு எப்படி அடிக்கறது?

மூலனூர் பட்டி (கேள்வி):
வணக்கங்க. மேச்சேரி தாயாடு 40 இருக்குதுங்க, சராசரி 28 கிலோ. கொரங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல்லு காஞ்சுட்டதால இப்போதைக்கு முழுசும் கொட்டகைத் தீவனந்தான், தவிடு, புண்ணாக்கு மாதிரி அடர்தீவனம் இல்லை. தினம் 60 கிலோ, சோளத்தட்டு பாதி, கடலைக்கொடி பாதி, வெட்டாம தரையில போடறோம். காலையில கூட்டினா 20 கிலோ குப்பையா வருது. ஸ்டேண்டுக்குக் கம்பி இடைவெளி, உயரம் எவ்வளவு? 4 இஞ்ச் வெல்டு மெஷ் கொஞ்சம் கிடக்குது, அது ஆகுமா?

கொங்குச் செம்மறி:
முதல்ல கணக்கைப் பாருங்க. 28 கிலோ ஆட்டுக்கு உடல் எடையில 3.5 சதவீதம்னா ஏறக்குறைய 1 கிலோ உலர்பொருள், அதாவது ஈரம் போக மிச்சமிருக்கற தீவனம், தினம் வேணும். தட்டுலயும் கொடியிலயும் 10 சதவீதம் ஈரம் இருக்கும்னு வெச்சா 40 ஆட்டுக்கு 44 கிலோ உள்ளே போகணும். நீங்க 60 போட்டும் போறது 40 தான். தீவனம் வீணாகறதோட ஆட்டுக்கு வயிறும் நிறையலை. மூத்திரமும் புழுக்கையும் பட்டதைச் செம்மறி பெரும்பாலும் மோந்து பாத்துட்டு ஒதுக்கிடும்.

ஸ்டேண்டுல முக்கியம் கம்பி இல்லீங்க, கீழே வர்ற தட்டம். ஆடு ஒரு வாய் இழுத்து, தலையை வெளிய எடுத்துத் திரும்பி மெல்லும்போதுதான் பாதி கீழே விழுகுது. அதனால 10 எம்எம் கம்பியை 'வி' மாதிரி சாய்ச்சு அடிச்சு, அதுக்கு வெளிய ரெண்டு பக்கமும் 9 இஞ்ச் நீட்டிட்டு இருக்கற மாதிரி தகரத் தட்டம் வைக்கச் சொல்லுங்க. விளிம்பு 6 இஞ்ச் உயரம், தரையில இருந்து விளிம்பு மேல்மட்டம் 14 இஞ்ச். கம்பிக்குக் கம்பி இடைவெளி 3 இஞ்ச், அதுக்கு மேல வேண்டாம். 4, 5 இஞ்ச்னு விட்டா தலை உள்ளே போயி மாட்டிக்கும், இழுக்க இழுக்கக் கழுத்து இறுகும்.

ஆட்டுக்கு ஒரு அடி இடம். ரெண்டு பக்கமும் தின்னும்ங்கறதால 10 அடியில ரெண்டு ஸ்டேண்டு போதும். இடம் பத்தலைன்னா பலமானது முட்டித் தள்ளி இலையைத் தின்னுட்டு, மெலிஞ்சதுக்குத் தண்டை விட்டுடும்.

கூடையைத் தலைக்கு மேல கட்டவே கட்டாதீங்க. தூசியும் சுணையும் கண்ணுல விழுந்து கண் சிவந்து நீர் வடியும், இருமலும் வரும்.

தட்டுப்போர்:
சொன்ன அளவெல்லாம் சரி, ஆனா முழுச் சோளத்தட்டுக்கு அந்த ஸ்டேண்டு உதவாது. கணுவும் அடித்தண்டும் செம்மறி வாய்க்கு ஆகாது, தோகையை உருவிட்டுத் தண்டை அப்படியே விட்டுடும். தட்டை சாஃப் கட்டர்ல (தீவனம் வெட்டற மிஷின்) வெட்டித் தொட்டியில போடுங்க, கொடியை மட்டும் ஸ்டேண்டுல வைங்க. துண்டு ஒரு இஞ்ச் இருக்கட்டும். அரை இஞ்சுக்குக் கீழே போனா தூசி கிளம்பும், அசை போடறதும் குறையும். மிஷின் தட்டை நசுக்கி நார் நாரா தள்ளினா பிளேடு மழுங்கிடுச்சுன்னு அர்த்தம், தீட்டிப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி உப்புத் தண்ணி லேசா தெளிச்சா தூசி அடங்கும். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் நனைங்க, வெயில்ல மிஞ்சினது புளிச்சு நாறும்.

கடலைக்கொடியில சத்து இலையிலதான். உச்சி வெயில்ல கட்டைப் பிரிச்சா இலை மொறுமொறுன்னு நொறுங்கி மண்ணோட போயிடும். விடிகாலையில, கொடி பதமா இருக்கறப்ப, தார்ப்பாய் விரிச்சு அது மேல பிரிங்க. உதிர்ந்த இலையை வாரி வெட்டின தட்டோட கலந்துட்டா தட்டும் சேந்து காலியாகும். வேர் முண்டுல மண் இருந்தா உதறுங்க. பூஞ்சை பிடிச்சு கறுத்த கட்டு நேரா எருக்குழிக்குத்தான், கலந்து ஒப்பேத்தப் பாக்காதீங்க.

மூலனூர் பட்டி:
ரொம்ப நன்றிங்க. ரெண்டு மாசக் குட்டிக 15 கூடவே இருக்குது. தொட்டிக்குள்ள ஏறிப் படுத்துக்குமே, அதுக்கு என்ன பண்றதுங்க?

பரண் கொட்டகை:
தொட்டி நடுவுல நீளவாக்குல ஒரு பிவிசி பைப், விளிம்புக்கு மேல 6 இஞ்ச் உயரத்துல. இறுக்கிக் கட்டாம, உள்ளே கம்பி விட்டு உருளற மாதிரி வைங்க. குட்டி கால் வெச்சா பைப் சுத்தும், நிக்க முடியாது. இதை விடாம செய்ங்க, தீவனத்துல புழுக்கை கலந்தா குட்டிக்கு ரத்தக்கழிச்சல் வர அதுவே வழி.

4 இஞ்ச் மெஷ்ஷை அப்படியே மாட்டினா குட்டித் தலை நிச்சயம் சிக்கும். ரெண்டு தகடை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, குறுக்கேயும் நெடுக்கேயும் 2 இஞ்ச் தள்ளிக் கட்டுக்கம்பியால கட்டுங்க, 2 இஞ்ச் கட்டமா வந்துடும். கொடிக்கு அது போதும். கம்பி முனைகளை உள்பக்கம் மடக்கி விடணும், இல்லைன்னா காதுத் தோடு மாட்டிக் காது கிழியும்.

இன்னொண்ணு, ஒரே வேளையா கொட்டாம மூணா பிரிச்சுப் போடுங்க, பெரிய பங்கு சாயந்திரம். மிச்சத்தைத் தினம் எடை போடுங்க. போட்டதுல 10 சதவீதம் மிஞ்சறது நல்லது, தொட்டி வழிச்சு நக்கின மாதிரி இருந்தா ஆட்டுக்குத் தீவனம் பத்தலைன்னு அர்த்தம். மிஞ்சின சுத்தமான தண்டு எருமைக்கு ஆகும். புழுக்கை பட்டதை மட்டும் திரும்பத் தொட்டியில போட்டுடாதீங்க.