போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் கடை கேமரா வெளியிலிருந்து தெரியவில்லை. ரவுட்டரில் ஒரு ஐபி, இணையத்தில் வேறு ஐபி, எது என்னுடையது?

கடைவீதிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நெட்வொர்க் விஷயத்தில் நான் அரிச்சுவடி, யூடியூப் பார்த்துச் செய்கிற ஆள். சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், நாலு கேமரா, ஒரு டிவிஆர் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), புதிதாக ஃபைபர் இணைப்பு. கடைக்குள் வைஃபையில் இருக்கும்போது ஆப்பில் 192.168.1.64 என்று போட்டால் கேமரா பளிச்சென்று தெரிகிறது, வீட்டுக்குப் போனால் தெரிவதில்லை. வீடியோவில் சொன்னபடி ரவுட்டர் செட்டிங்கில் போர்ட் ஃபார்வர்டிங் போய் 8000 என்ற போர்ட்டை (ஒரே ஐபியில் எந்தச் சேவைக்கு என்று பிரிக்கும் எண்) அந்த 192.168.1.64-க்குத் திருப்பி விட்டேன். அப்புறம் என் ஐபி என்ன என்று இணையத்தில் தேடி, அது காட்டிய எண்ணை ஆப்பில் கொடுத்தேன். கனெக்‌ஷன் டைம் அவுட், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரவுட்டர் பக்கத்தில் வான் (WAN) ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் எண் இருக்கிறது, இணையதளம் காட்டுவதோ 49-ல் தொடங்கும் வேறு எண். இதில் எது என்னுடையது? கேமரா மாட்டியவர் "டிடிஎன்எஸ் போட்டால் சரியாகிவிடும், ஆயிரம் ரூபாய் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பொட்டிதட்டி:
ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் பிரச்சினைக்கு டிடிஎன்எஸ் மருந்தே இல்லை, நீங்களே பார்த்த அந்த 100.72-தான் விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், புரிந்துவிட்டால் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

192.168 என்று தொடங்கும் எண் கடைக்குள் மட்டும் செல்லும். என் வீட்டிலும் 192.168.1.64 இருக்கலாம், பக்கத்துக் கடையிலும் இருக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 10-ல் தொடங்குபவை முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, 192.168, இந்த மூன்று தொகுதிகளையும் உள் உபயோகத்துக்கென்று 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். வெளி இணையத்தில் இந்த எண்ணுக்கு எதையும் அனுப்ப முடியாது.

அப்படியானால் உங்கள் போனில் இணையம் எப்படி வருகிறது? ரவுட்டர் நடுவில் இருந்துகொண்டு எண்ணை மாற்றி எழுதுகிறது, இதற்குப் பெயர் நாட். உதாரணமாக, போன் 192.168.1.20, போர்ட் 51324 என்ற முகவரியிலிருந்து ஒரு தளத்துக்குப் பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, அனுப்புகிறது. ரவுட்டர் அந்த முகவரியை அழித்துவிட்டுத் தன் வான் ஐபியையும், 40001 என்று ஏதோ ஒரு போர்ட்டையும் எழுதி வெளியே விடும். கூடவே "40001-க்கு வருவதெல்லாம் 192.168.1.20, 51324-க்கு" என்று தன் அட்டவணையில் ஒரு வரி போட்டுக்கொள்ளும். பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்துப் போனுக்குத் தள்ளிவிடும்.

கவனிக்க வேண்டியது, அந்த வரி உள்ளேயிருந்து யாராவது வெளியே போனால்தான் உருவாகிறது. வெளியிலிருந்து கேட்காமல் வந்து நிற்கும் பாக்கெட்டுக்கு வரி இருக்காது, ரவுட்டர் அதைக் குப்பையில் போட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்று நீங்கள் செய்தது அந்த வரியை முன்கூட்டியே கையால் எழுதி வைத்ததுதான். அதைச் சரியாகவேதான் செய்திருக்கிறீர்கள்.

சிக்கல் எங்கே என்றால், உங்கள் ரவுட்டருக்கே வெளி ஐபி கிடையாது. 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களை இணைய கம்பெனிகள் தங்கள் உள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள 2012-ல் தனியாக ஒதுக்கினார்கள். உங்கள் 100.72 அதற்குள் வருகிறது. கம்பெனியின் பக்கம் இன்னொரு பெரிய நாட் இயந்திரம் இருக்கிறது, சிஜிநாட் என்பார்கள், அந்த 49-ஐ உங்களோடு சேர்ந்து ஊரில் பல வீடுகள் பயன்படுத்துகின்றன. நீங்கள் வீட்டிலிருந்து 49-க்கு 8000-ல் தட்டினால் அந்தப் பெரிய இயந்திரத்தைத்தான் தட்டுகிறீர்கள், அதன் அட்டவணையில் உங்களுக்கு வரி இல்லை. வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், தெருக்கோடி கேட்டின் சாவி அவர்களிடம் இருக்கிறது.

டிடிஎன்எஸ் என்பது அடிக்கடி மாறும் வெளி ஐபிக்கு மாறாத ஒரு பெயர் வைப்பது. வெளி ஐபியே இல்லாதவருக்குப் பெயர் வைத்து என்ன செய்வது?

கேபிள்_இழுப்பவன்:
மேலே சொன்னது சரி. ஒரு சின்ன விஷயம், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். கடைக்குள்ளேயே இருந்துகொண்டு வெளி ஐபியை அடித்தால் பல ரவுட்டர்கள் திருப்பி உள்ளே விடாது, எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாதது போலத் தெரியும். வான் ஐபியே 192.168 என்று காட்டினால் அது வேறு கதை, கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் சொந்த ரவுட்டர் மாட்டியிருப்பீர்கள். அங்கே முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நாட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றச் சொல்லுங்கள்.

ஆறாம்_பதிப்பு:
சிஜிநாட்டை எல்லோரும் கம்பெனிக்காரன் பணம் பிடுங்கும் தந்திரம் என்று திட்டுகிறார்கள், அது பாதி உண்மைதான். இதுவரை பேசிய ஐபி எண்களெல்லாம் ஐபிவி4 என்ற பழைய வகை, அந்த முகவரி 32 பிட், மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். இந்தியாவின் மக்கள் தொகை மட்டும் 140 கோடிக்கு மேல், ஆளுக்கொரு போன், வீட்டுக்கொரு டிவி, இப்போது பல்புக்குக்கூட ஐபி. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுத்து முடித்துவிட்டார்கள், ஆசிய பசிபிக் பகுதியில் அதே ஏப்ரலிலிருந்து ரேஷன்தான். பிறகு வந்த கம்பெனிகள் எண்ணுக்கு எங்கே போவார்கள்?

நிரந்தரத் தீர்வு ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. 128 பிட், பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு கேமராவுக்கும் தனி வெளி முகவரி கொடுக்கலாம், நாட் தேவையில்லை. 2016-ல் ஜியோ வந்ததிலிருந்தே அதில் ஐபிவி6 உண்டு, அதனால் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். கடை ரவுட்டரில் 2-ல் தொடங்கும் நீளமான முகவரி தெரிகிறதா பாருங்கள். fe80 மாதிரி எழுத்தில் தொடங்குவது கணக்கில் வராது, அது அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்வது.

பொட்டிதட்டி:
@ஆறாம்_பதிப்பு நீங்கள் சொல்வது ஏட்டளவில் அழகு. அவர் டிவிஆர் விலை குறைந்ததாக இருந்தால் ஐபிவி6 என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் ரவுட்டர் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுத்துத்தான் வைத்திருக்கும், அதற்கு ஒரு விதி எழுத வேண்டும். கடைக்காரருக்கு இது முதல் வழி ஆகாது.

கடைவீதிக்காரன்:
பதில்களுக்கு நன்றி, டிடிஎன்எஸ் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், முகம் சுண்டிப்போனது. கம்பெனிக்குப் போன் செய்தேன், ஸ்டாட்டிக் ஐபி (எனக்கென்று மாறாத வெளி ஐபி) வேண்டுமென்றால் மாதாமாதம் தனிக் கட்டணம் என்கிறார்கள். இதற்கிடையே டிவிஆர் மெனுவில் ஒரு கியூஆர் கோடு இருந்தது, தயாரிப்பாளர் ஆப்பில் அதை ஸ்கேன் செய்தேன், வீட்டிலிருந்து கேமரா தெரிகிறது! போர்ட் எதுவும் திறக்காமல் இது மட்டும் எப்படி உள்ளே வருகிறது?

பொட்டிதட்டி:
அது உள்ளே வரவில்லை, உங்கள் டிவிஆர் வெளியே போகிறது. கரண்ட் வந்ததும் டிவிஆர் தானாகத் தயாரிப்பாளர் சர்வருக்கு ஒரு தொடர்பு ஏற்படுத்திக்கொள்கிறது. உள்ளேயிருந்து கிளம்புவதால் உங்கள் ரவுட்டரிலும் கம்பெனி இயந்திரத்திலும் அட்டவணை வரி தானாக விழுந்துவிடும். சும்மா இருந்தால் அந்த வரி சீக்கிரம் காலாவதியாகும் என்பதால் டிவிஆர் விட்டுவிட்டு ஒரு குட்டிப் பாக்கெட்டை அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கிறது. உங்கள் போனும் அதே சர்வரிடம் போய் கியூஆரில் உள்ள எண்ணைச் சொல்லும். சர்வர் இருவருக்கும் மற்றவரின் வெளி முகவரியையும் போர்ட்டையும் கொடுக்கும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பினால் இருபுறமும் வரி விழுந்து நேரடியாகவே பேசிக்கொள்ளலாம். சில நாட் இயந்திரங்களில் அது பலிக்காது, அப்போது வீடியோ முழுவதும் சர்வர் வழியாகவே வரும். சில நாள் படம் தாமதமாக, விட்டுவிட்டு வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரவுக்காவலன்:
கடைப் படம் அடுத்தவன் சர்வர் வழியாகப் போகிறதே என்று உறுத்தினால் டெயில்ஸ்கேல் பாருங்கள், உங்கள் போனையும் கடையையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள். டெயில்ஸ்கேலும் இதே வித்தையைத்தான் செய்கிறது, ஆனால் பேச்சு இரு முனைக்கும் நடுவே பூட்டப்பட்டிருக்கும், நடுவில் இருக்கும் சர்வரால் படிக்க முடியாது. கடையில் எப்போதும் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் போதும். அதுவும் 100-ல் தொடங்கும் ஐபிதான் கொடுக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம், அதே 100.64 தொகுதியிலிருந்து எடுப்பது.

எந்த வழியில் போனாலும் இன்றைக்கே மூன்று வேலை இருக்கிறது. ரவுட்டரில் எழுதிய அந்த 8000 விதியை நீக்குங்கள், நாளைக்கு ஸ்டாட்டிக் ஐபி வாங்கினால் அது தானாக உயிர்பெற்று டிவிஆரை ஊருக்கே திறந்துவிடும். யுபிஎன்பி என்ற ஆப்ஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள், கருவிகள் உங்களைக் கேட்காமல் போர்ட் திறக்க அதுதான் வழி. டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டு மாட்டியவர் வைத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற மால்வேர், தொழிற்சாலையில் வைத்த யூசர்நேம் பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மட்டும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தின் மேல் அவற்றை ஏவிவிட்டதில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின.

கடைவீதிக்காரன்:
விதியை நீக்கிவிட்டேன், யுபிஎன்பியும் ஆஃப். பாஸ்வேர்டு 123456 என்று இருந்தது, அதையும் மாற்றியாயிற்று. டெயில்ஸ்கேலுக்கு பில்லிங் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாமா, அதை ராத்திரி அணைத்துவிடுவோமே?

இரவுக்காவலன்:
அணைத்தால் ராத்திரி கேமரா பார்க்க முடியாது. ராஸ்பெரி பை மாதிரி சின்னப் பலகை ஒன்று வாங்கி ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், கரண்ட் பில்லில் தெரியவே தெரியாது. வாங்கியதும் இதே திரியில் எழுதுங்கள், செட்டிங்கை வரி வரியாகச் சொல்கிறேன்.