சுழலும் பின் (pin) பூட்டைக் கழற்றினேன், இப்போது உள் உருளை திரும்ப உள்ளே போகவில்லை

வாவிக்கரை (கல்லடி), ஞாயிறு இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மாமா தன் கடையை விற்றபோது கதவில் இருந்த பூட்டு சிலிண்டரைக் கழற்றி, சொக்லேட், பழைய உடுப்புகளோடு பெட்டிக்குள் போட்டு அனுப்பினார். மெடிகோ என்ற கம்பனியுடையது. பின்பக்கம் தட்டையான நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ரிம் வகை. திறப்பு ஒன்றே ஒன்று. "மீன்வாடிக்குப் போடு, அப்பாவின் எஞ்சினைத் தொட ஒருத்தனாலும் ஏலாது" என்றார். நான் போடவில்லை. ஒரு வருஷம் மேசை லாச்சியில் கிடந்தது. கல்லடிக் காற்று தெரியும்தானே, பித்தளையில் பச்சை பிடித்து திறப்பு இறுகத் தொடங்கிவிட்டது.

சரி, கழற்றித் துடைத்துவிடுவோம் என்று போன கிழமை இருந்தேன். ஆமைப்பூட்டுகள் பத்துப் பன்னிரண்டைக் கழற்றிப் பூட்டிய தைரியம். கம்பி போட்டுத் திறக்கவும் ஓரளவு பழகியிருக்கிறேன், என் சொந்தப் பூட்டுகளில் மட்டும். பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, திறப்பைச் சற்றுத் திருப்பி, உள் உருளையை முன்பக்கமாக இழுத்தேன். கொய்யாத் தடி ஒன்றை அரை அங்குலத் தடிப்புக்குச் சீவி உருளையின் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்ததால் மேல் பின்களும் (துளைகளில் ஏறி இறங்கும் குட்டிக் குச்சிகள்) அவற்றின் ஸ்பிரிங்குகளும் வெளிக்கூட்டுக்குள்ளேயே தப்பின.

ஆனால் உருளையின் பக்கத்தில் ஒரு நீளச் சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. 'டிக்' என்று ஒரு சத்தம். சட்டம் மடியில் விழுந்தது. அதற்கு அடியில் இருந்த இரண்டு குட்டி ஸ்பிரிங்கில் ஒன்றைக் காணவில்லை. குனிந்து தேடின அவசரத்தில் திறப்பு உருவிக்கொண்டு வந்து, உருளை கவிழ்ந்து, கீழ் பின் ஆறும் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் போயின.

மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினேன். திறப்பை உருளைக்குள் விட்டு, பின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஆறின் தலையும் உருளையின் மேல்மட்டத்தோடு ஒட்டும்வரை அடுக்கினேன். காணாமல் போன ஸ்பிரிங்குக்குப் பேனா ஸ்பிரிங்கை நறுக்கிப் போட்டேன். இப்போது பக்கச் சட்டம் எழும்பி நிற்கிறது. விரலால் அமத்தினாலும் உள்ளே இறங்கவில்லை, அதனால் உருளை கூட்டுக்குள் நுழைய மறுக்கிறது. பின்கள் எல்லாம் மட்டமாகத்தானே இருக்கின்றன? எங்கே பிழை விட்டேன்?

பட்டறைப்பொடியன் (களுவாஞ்சிகுடி), ஞாயிறு இரவு 10.15

பேனா ஸ்பிரிங்தான் காரணம், வேறொன்றும் இல்லை. அதன் கம்பி தடிப்பு. சட்டத்தின் ஓரத்தை அரத்தால் ஒரு இழை தேய்த்துவிட்டால் உள்ளே போகும்.

அக்கரை நானா (அக்கரைப்பற்று), திங்கள் காலை 6.05

தம்பி, அரத்தை எடுத்து உள்ளே வையுங்கள். சட்டத்தைத் தேய்த்தால் அந்தப் பூட்டு அத்தோடு முடிந்தது.

தோஹாவில் பூட்டு வேலைத்தளம் ஒன்றில் 11 வருஷம் இருந்தவன் நான். இந்த வகை என் கையால் நிறையப் போயிருக்கிறது. மெடிகோ என்பது 'மெக்கானிக்கல் டெவலப்மென்ட் கம்பனி' என்பதன் சுருக்கம். 1968இல் அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில், சேலம் என்ற ஊரில் தொடங்கினார்கள். நம்மட பக்கத்துப் பெட்டிக்கடைப் பூட்டில் திறப்பு ஒரே ஒரு வேலைதான் செய்யும்: பின்னை உரிய உயரத்துக்குத் தூக்கும். இதில் இரண்டு வேலை. தூக்கவும் வேண்டும், ஒவ்வொரு பின்னையும் உரிய கோணத்துக்குத் திருப்பவும் வேண்டும்.

உங்கள் பின் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடி, கூராக்கிய பென்சில் போல வட்டமாக இருக்காது, உளி மாதிரித் தட்டையாகச் சரிந்திருக்கும். திறப்பின் வெட்டுகளும் நேராக இல்லை. சில நேர், சில இடப்பக்கம் 20 பாகை, சில வலப்பக்கம் 20 பாகை சாய்வு. உளிவாய் அந்தச் சாய்வில் போய் உட்காரும்போது பின் தானாகத் திரும்பிக்கொள்ளும். பின்னின் விலாவில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் ஓடும். ஆறு பின்னின் கீறலும் சட்டத்துக்கு நேரே வந்தால்தான் சட்டத்தின் பற்கள் அவற்றுக்குள் இறங்கும். ஒன்று கொஞ்சம் விலகினாலும் சட்டம் எழும்பித்தான் நிற்கும்.

இப்போது யோசியுங்கள். எல்லாப் பின்னுக்கும் ஒரே வெட்டுச் சாய்வு இல்லை, ஆனால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். அப்படியானால் பின்னுக்குப் பின் உளிவாய்க்கும் கீறலுக்கும் இடையிலான கோணம் வேறுபடும். நீங்கள் உயரத்தை மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறீர்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பின் இடம் மாறியிருந்தால் மேல்மட்டத்தில் ஒன்றும் தெரியாது, சட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

நிச்சயப்படுத்த ஒரு வழி: இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துவிடுங்கள், பேனா ஸ்பிரிங் சண்டைக்கே இடமில்லாமல். திறப்பு உள்ளே இருக்க, வெறும் சட்டத்தை அதன் பள்ளத்தில் வைத்து மெல்ல அமத்துங்கள். இறங்கினால் ஸ்பிரிங் பிழை. இறங்காவிட்டால் பின் பிழை.

இன்னொரு விஷயமும் சொல்லிவைக்கிறேன், சும்மா. பக்கச் சட்டம் இருக்கிறது என்றதால் எம்ஹார்ட் என்ற மற்றப் பூட்டு இல்லை என்று விளங்குகிறது. அதிலும் பின் சுழலும், ஆனால் சட்டம் கிடையாது. மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டிருக்கும், சரியான கோணத்துக்கு வந்தால்தான் கழன்று பிரியும். அதைக் கழற்றப் போய் நான் பட்ட பாடு வேறொரு நாளைக்கு.

வாவிக்கரை, திங்கள் மாலை 5.50

நானா, ஸ்பிரிங் இல்லாமலும் இறங்கவில்லை. முன்பக்கம் ஒட்டிப் படிகிறது, பின்பக்கம் அரை மில்லிமீற்றர் மட்டில் தூக்கி நிற்கிறது. போனை மிகக் கிட்டக் கொண்டுபோய் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். சட்டப் பள்ளத்துக்குள்ளால் பார்த்தால் முதல் மூன்று பின்னின் கீறலும் நட்ட நடுவில். ஐந்தாவதும் அப்படியே. நாலும் ஆறும் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன, ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம்.

அக்கரை நானா, திங்கள் மாலை 6.20

படத்தைப் பார்த்தேன். திறப்பிலும் நாலாவது வெட்டு இடம், ஆறாவது வலம், ஆழம் இரண்டுக்கும் ஒன்று. அந்த இரண்டு பின்னையும் இடம் மாற்றுங்கள். மாற்றும்போது பின்னின் தலையோரத்தில் இருக்கும் சின்ன மூக்கைக் கவனியுங்கள், உருளையின் துளையில் அதற்கென்று வெட்டிய வாய்க்காலுக்குள் அது போக வேண்டும். பின் முழுச்சுற்றுச் சுற்றித் தலைகீழாய் நின்றுவிடாமல் தடுப்பது அந்த மூக்குத்தான். பலவந்தப்படுத்தி இறக்காதீர்கள். உளிவாய் மழுங்கினால் கடையில் வாங்க ஒன்றும் இல்லை.

பட்டறைப்பொடியன், திங்கள் இரவு 7.00

அரக் கதையை வாபஸ் வாங்குகிறேன். 😅

வாவிக்கரை, திங்கள் இரவு 8.35

இறங்கியது! சாவணத்தால் பிடித்து நாலையும் ஆறையும் மாற்றினேன், சட்டம் தொட்டவுடனே பொத்தென்று படிந்தது. கொய்யாத் தடியைத் தள்ளிக்கொண்டு உருளையும் உள்ளே போய்விட்டது. திறப்பும் திரும்புகிறது.

ஆனால் ஸ்பிரிங்குகளைப் போட்டபின் ஒரு குறை. தொடக்கத்தில் சரியாக இறுகுகிறது, பெருவிரல் நோகும் அளவுக்கு. பிறகு 'டக்' என்று விட்டுக்கொடுக்கிறது. பேனா ஸ்பிரிங்தானா?

அக்கரை நானா, செவ்வாய் காலை 5.55

இப்போது பேனா ஸ்பிரிங்தான். பொடியன் சொன்னது பாதி சரி, நேரம்தான் பிழை. திறப்பைத் திருப்பும்போது கூட்டின் பள்ளத்துச் சரிவு சட்டத்தை உள்ளே தள்ளுகிறது. அடியில் உள்ள ஸ்பிரிங் சுருங்க வேண்டும். பேனாக் கம்பி சுருள் சுருளாய் ஒன்றின்மேல் ஒன்று முட்டி, அதற்கு மேல் சுருங்க இடமில்லை. அப்படியே பாவித்தால் ஒரு நாள் திறப்பு முறியும், உங்களிடம் இருப்பது ஒன்று.

மணிக்கூட்டு வீடு (காத்தான்குடி), செவ்வாய் மதியம் 1.10

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வாப்பா மணிக்கூடு திருத்துகிறவர், இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கைமணிக்கூட்டு வாரைப் பிடிக்கும் பின் இருக்கிறதல்லவா, இரண்டு நுனியும் அமுங்கும் அந்தக் கம்பி? அதற்குள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. குழாயைச் சிறு குறட்டால் நெரித்தால் வெளியே வரும். உங்களிடம் மிஞ்சிய நல்ல ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வைத்து, அதே நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள் என்கிறார். வெட்டும்போது ஒரு பொலித்தீன் பையை விரித்து அதற்குள் கை வைத்து வெட்டச் சொன்னார், பறந்தாலும் பைக்குள்தான்.

இன்னொன்று. இந்தத் திறப்புக்குப் பிரதி வெட்ட ஏலாதா? ஊரில் திறப்பு வெட்டுகிற கடைகள் நிறைய இருக்கின்றனவே.

அக்கரை நானா, செவ்வாய் இரவு 9.00

வாப்பாவுக்கு என் சலாம். அருமையான யோசனை, தோஹாவில் இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிரதி விஷயம்: சாதாரண இயந்திரத்தில் வெட்டுச்சில்லு திறப்புக்குச் செங்குத்தாகத்தான் இறங்கும். ஆழம் அச்சொட்டாக வரும், சாய்வு வராது. அந்தத் திறப்பைப் போட்டால் பின் எல்லாம் உரிய உயரத்துக்கு வரும், சாய்வுள்ள பின்கள் திரும்பாது, சட்டம் இறங்காது. வாவிக்கரைத் தம்பி விட்ட அதே பிழையை இயந்திரம் விட்டது போல. 1985இல் வந்த பையாக்ஸியல் வகையில் இன்னும் கூட்டிவிட்டார்கள், உளிவாயைப் பின்னின் நடுவிலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிட்டார்கள். ஆகவே சாய்வோடு, வெட்டு விழும் இடமும் மாறும். இந்தப் பூட்டுகளுக்கான, வெட்டாத வெற்றுத் திறப்பும் இங்கே கிடைக்காது. அரத்தால் ஒன்றைச் செய்ய ஒரு பத்தரின் பொறுமை வேண்டும்.

தம்பிக்கு ஒரு மனக்குறை சொல்லட்டுமா? வாடியின் கதவு எது? நாலு பலகையும் தகரமும் என்றால் கள்ளன் உங்கள் பூட்டைத் தொடமாட்டான், தகரத்தைக் கழற்றிக்கொண்டு போவான். வீட்டு முன்கதவுக்குப் போடுங்கள்.

வாவிக்கரை, புதன் இரவு 10.25

ராத்தா, வாப்பாவுக்குப் பெரிய நன்றி. அப்பாவின் பழைய மணிக்கூட்டு வாரில் இருந்து எடுத்தேன். முதல் ஸ்பிரிங் பைக்குள் பறந்தது, இரண்டாவது பொருந்தியது. இப்போது இரண்டு விரலால் திரும்புகிறது. பென்சில் கரியைச் சுரண்டித் திறப்பில் தடவிவிட்டேன், எண்ணெய் போடவில்லை.

நானா சொன்னது சரி, வாடிக் கதவு தகரம்தான். முன்கதவுக்கே போடுகிறேன். திறப்பை அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துவிட்டார். இனி நான் இரவில் பிந்தி வந்தால் அவரை எழுப்பாமல் உள்ளே போக முடியாது.

கதவில் ஏற்றமுதல் ஒரு ஆசை. இதைக் கம்பியால் திறக்கப் பழகலாமா? நேற்று இரண்டு மணித்தியாலம் முயன்றேன். உருளை ஒரு துளி திரும்பியது, அப்புறம் கல்.

அக்கரை நானா, வியாழன் காலை 6.10

அந்த ஒரு துளி ஏமாற்று. மேல் பின் சிலது நடுவில் ஒடுங்கி நூல்கட்டை போல இருக்கும், அது பாதியில் மாட்டிக்கொண்டு திறந்த மாதிரிக் காட்டும். அதைத் தாண்டினாலும் கோணம் மிச்சம் இருக்கிறது, தூக்குகிற கம்பிக்குத் திருப்புகிற வேலை வராது.

பழகுவதென்றால் கதவில் ஏற்றமுதல் பழகுங்கள், பாவனையில் உள்ள பூட்டில் ஒருபோதும் வேண்டாம். மீண்டும் கழற்றி, ஆறில் நாலைத் தாளில் எண் எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள், மேல் பின்னும் ஸ்பிரிங்கும் சேர்த்து. மிஞ்சும் இரண்டோடு தொடங்குங்கள். முதலில் இரண்டையும் தூக்கி உயரத்தில் நிறுத்துங்கள். பிறகு திருப்பும் அழுத்தத்தை இறகு அளவுக்குக் குறைத்து, நுனி தட்டையாக்கிய கம்பியால் உளிவாயின் ஓரத்தைத் தள்ளி ஒவ்வொன்றாய்த் திருப்புங்கள். கீறல் நேரே வரும்போது சட்டம் அதற்குள் சாய்வது விரலில் தெரியும், 'க்ளிக்' இல்லை, கொஞ்சம் குழைவது போல. அது பிடிபட எனக்கு மூன்று கிழமை சென்றது.

தேத்தண்ணிக் கோப்பையை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

வாவிக்கரை, சனி இரவு 11.40

இரண்டு பின், 50 நிமிஷம். திறந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.