வாரம் ஒரு பேட்டை, அஞ்சு கிலோமீட்டர்: வடசென்னை ஞாயிறு ஓட்டம், அனுபவப் பகிர்வு

ஞாயிறு ஓட்டம் நடத்தறவங்களுக்கு, பேட்டைக்கு ஒருத்தரா சொன்னது இது.

ராயபுரம்

வடசென்னையில ஓட்ட நேரத்தைச் சூரியனைப் பார்த்து வைக்கக்கூடாது, பேட்டையைப் பார்த்து வைக்கணும். காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலம் ஆரம்பிச்சிடும். ஞாயித்துக்கிழமைன்னா சில்லறைக்கு வாங்க வர்ற கூட்டமும் சேர்ந்துக்கும். ஐஸ் பெட்டியில இருந்து வடியற தண்ணியில செதில் கலந்து தார் ரோடு எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். அடிப்பகுதி தேஞ்ச ஷூ போட்டவங்க திருப்பத்துல வழுக்குவாங்க, நேரா ஓடும்போது இல்ல. அதனால துறைமுகத்தை ஒட்டி எந்தத் திருப்பமும் வைக்காதீங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகு கடலுக்குப் போகாது. இந்த ரூட்டை வைக்கிறதா இருந்தா அப்ப வைங்க.

எண்ணூர் விரைவுச் சாலையில சென்னைத் துறைமுகத்தோட ஜீரோ கேட்டுக்குள்ள போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிங்கதான் பிரச்சினை. நிக்கிற லாரி கதவு எப்ப வேணா திறக்கும். நகர ஆரம்பிச்சா இடது பக்கம் ஒட்டி ஓடுற ஆள் டிரைவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். வரிசை நிக்குதுன்னா அன்னைக்கு ரூட்டை மாத்துங்க, 'ஓரமா போயிடலாம்'னு யாரையும் அனுப்பாதீங்க.

கடலோரம்னா ஜில்லுனு இருக்கும்னு நம்பி வர்றவங்களுக்கு ஒண்ணு: கோடையில கடல்காத்து திரும்பறதுக்கே கிட்டத்தட்ட மதியம் ஆகிடும். விடியக்காலைல நிலத்துப் பக்கக் காத்துதான், அதுவும் லேசா. ஈரப்பதம் அந்த நேரத்துலதான் உச்சம், வேர்வை காயாது. வழக்கமான வேகத்தை எதிர்பார்க்காதீங்க.

திருவொற்றியூர்

பௌர்ணமி வரும் ஞாயிறு தேரடி பக்கம் ஓட்டம் வேண்டாம். வடிவுடையம்மன் கோயிலுக்கு அதிகாலையிலேயே கூட்டம் வந்துவிடும். வருஷ ஆரம்பத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாள்களை அடித்துவிடுங்கள்.

தூரம் அளப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் அதிகம் சண்டை வருகிறது. டோல்கேட் தாண்டினால் விம்கோ நகர் வரை தலைக்கு மேலே மெட்ரோ பாலம். அதன் அடியில் போன் சரியாக சிக்னல் பிடிக்காது. நேரான ரோட்டைக் கோணல் மாணலாக வரைந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். நான்கு பேர் போனில் நான்கு தூரம். சைக்கிள் மீட்டர்தான் தீர்வு. கடையில் எழுதிக் கொடுக்கிற டயர் அளவை அப்படியே போடாதீர்கள். வால்வு தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்தபடி சக்கரத்தைச் சரியாக 10 சுற்று உருட்டி, டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். அதை மில்லிமீட்டரில் மீட்டருக்குள் போடுங்கள். ஆள் ஏறாமல் அளந்தால் டயர் அமுங்காது, சுற்றளவு கூடுதலாக வரும், ரூட் குட்டையாகிவிடும். ஒரு சதவீதம் பிசகினால் 5 கி.மீ.க்கு 50 மீட்டர் போச்சு. திருப்பத்தில் ரோட்டு ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓட்டுங்கள், ஓடுகிறவன் அப்படித்தான் வெட்டிக்கொண்டு போவான். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 5 மீட்டர் சேர்த்துவிடுங்கள். முறைப்படி நடக்கும் சாலைப் போட்டிகளிலும் இப்படித்தான் சேர்க்கிறார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை

ராபின்சன் பூங்கா வாசல் (1949ல் தி.மு.க. தொடங்கின இடம்னு சொன்னா ஆட்டோக்காரர் கரெக்டா இறக்கிடுவார்) கூடறதுக்கு நல்ல இடம். ஓட்டம் சுத்தி இருக்கிற தெருக்கள்ல.

அஞ்சரை மணிக்கு வீட்டுக்கு வீடு வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு இருப்பாங்க. கோலத்தை மிதிக்காதீங்க, மிதிச்சா அடுத்த தடவை அந்தத் தெருவுல ஓட முடியாது, அவ்வளவுதான். வழிகாட்டற அம்புக்குறியை வெள்ளைக் கோலமாவுல போட்டா நூறு கோலத்துக்கு நடுவுல எது அம்புன்னு தெரியாது. காவியில போடுங்க. ஈரத் தரையில பொடி ஊறிப் பரவிடும். அதனால தெளிக்காத நடு ரோட்டுல, திருப்பத்துக்குப் பத்தடி முன்னாடி ஒண்ணு, திரும்பின உடனே ஒண்ணு.

சுத்து எப்பவும் பிரதட்சிணமா இருக்கட்டும். ரோட்டோட வலது ஓரமா ஓடினா எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்; வலது பக்கமே திரும்பிட்டு இருந்தா ஒரு தடவைகூட ரோட்டைக் கடக்க வேண்டாம். ஒருவழிப் பாதையில மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

வியாசர்பாடி

நேரம் குறிக்கறதைப் பத்தி யாருமே சொல்லலையே. லண்டன் புஷி பார்க்குல 2004ல 13 பேரோட ஆரம்பிச்ச பார்க்ரன்ங்கிற வாராந்திர 5 கி.மீ. ஓட்டத்துல, முடிச்சவங்க கையில வரிசை எண்ணுக்கு இரும்பு வாஷரைத்தான் குடுத்தாங்க. நமக்கு பிராட்வே இரும்புச் சாமான் கடைங்க இருக்கு, கவலை என்ன? 12 எம்.எம். ஜிஐ (துத்தநாகம் பூசின) வாஷர் 60 வாங்கி, நம்பர் பஞ்ச்ல 1ல இருந்து 60 வரைக்கும் அடிச்சு, கம்பியில 1 மேல வர்ற மாதிரி கோத்துக்கோங்க. சாதா இரும்பு வாஷர் வேர்வை பட்டு ஒரே மாசத்துல துரு ஏறிடும்.

முடிவுக்கோட்டுக்கு அப்புறம் ரெண்டு கயித்தை 10 மீட்டருக்கு இழுத்து, ஒரு ஆள் மட்டும் போற அளவுக்குச் சந்து மாதிரி கட்டணும். ஒருத்தர் கோட்டுல நின்னு ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்டாப்வாட்சைத் தட்டுவார். சந்தோட கடைசியில இன்னொருத்தர் வாஷர் குடுப்பார். மூணாவது ஆள் வாஷர் நம்பரையும் பேரையும் எழுதுவார்.

கெட்டுப்போறது எங்கன்னா, கூட ஓடி வந்த நண்பர் கோட்டைத் தாண்டிட்டுக் கயித்துக்கு அடியில குனிஞ்சு வெளிய போயிடுவார். வாட்ச்ல 31, வாஷர்ல 30. அதுக்கப்புறம் வர்ற எல்லாருக்கும் முன்னாடி ஆளோட நேரம் விழும். மருந்து ஒண்ணுதான்: 10, 20, 30ன்னு ஒவ்வொரு பத்தாவது வாஷர் குடுக்கும்போதும் சத்தமா நம்பரைக் கத்தணும், வாட்ச்காரர் தன் நம்பரைத் திருப்பிக் கத்தணும். இடிச்சா தப்பு அந்தப் பத்து பேருக்குள்ளதான், அங்கேயே சரி பண்ணிடலாம். வாஷரைக் கொண்டு போயிட்டாங்கன்னா அந்த நம்பருக்கு அடுத்த வாரம் அட்டைத் துண்டு. மறந்தீங்கன்னா முதல் ஆளு வர்றதுக்கு முன்னாடியே கணக்கு கோவிந்தா.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியா எதுவும் வைக்காதீங்க. மழைத் தண்ணி தேங்கி நிக்கும், ஊருக்கே தெரியும்.

மணலி

முந்தின நாள் ராத்திரியும் காலையிலும் சமீர் என்ற காற்றுத் தரச் செயலியில் மணலியின் மாசு அளவைப் பாருங்கள். 100க்குள் இருந்தால் ஓடலாம். 200 தாண்டினால் நடை மட்டும். எண் நன்றாக இருந்தும் கண் எரிந்தால், கண்ணை நம்புங்கள். போகி அன்று ஓட்டமே கிடையாது.

மாதவரம்

பால்பண்ணைப் பக்கம் மெட்ரோ வேலைத் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் சைக்கிளில் போய்ப் பார்க்காமல் ரூட்டை அறிவிக்காதீர்கள்.

நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். ஓடினால்தான் துரத்தும். கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனை. முதல் ஊசியோடு நின்றுவிடக்கூடாது. 3, 7, 28ஆம் நாள் ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

கொளத்தூர்

தண்ணி கணக்கு: 40 பேருக்கு ஆளுக்குப் பாதி வழியில 250 மி.லி., முடிவுல 250 மி.லி., ஆக 20 லிட்டர் கேன் ஒண்ணு. கை கால் கழுவ, மாதவரம் அக்கா சொன்ன நாய்க்கடிக்கு, இன்னொரு கேன். 5 கி.மீ.க்கு வெறும் தண்ணி போதும், குளுக்கோஸ் பாக்கெட் காசுக்குக் கேடு. மே மாசத்துல 10 கி.மீ. ஓடறவங்களுக்கு மட்டும் ஒரு லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. உப்பைக் கைப்பிடியில அள்ளிப் போடாதீங்க, அளவு மீறினா வாந்திதான். யாருக்காவது பேச்சு குழறினாலோ, நேரா நடக்க முடியலன்னாலோ தண்ணி குடிக்க வைக்க மெனக்கெடாம நிழல்ல படுக்க வெச்சு உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்திக்கிட்டே 108 கூப்பிடுங்க. ரெண்டாவது கேன் அதுக்கும்தான்.

காலி கேனைக் கடையில திருப்பிக் குடுக்கறது யாருன்னு முதல்லயே பேசிக்கோங்க. டெபாசிட் காசு போனதுல கலைஞ்ச குழுங்க உண்டு.