ஒலிநூல் தயாரிப்பு: ‘பாவம்’ படுத்தும் பாடு, உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வரும் பார்வையற்ற வாசகர்களுக்காக, நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களை, எழுத்தைப் பேச்சாக மாற்றும் இணையக் கருவிகளைக் கொண்டு ஒலிக்கோப்புகளாக ஆக்கி வருகிறேன். நாட்டுடைமை நூல்கள் என்பதால் பதிப்புரிமைத் தடை இல்லை, தொல்லை உச்சரிப்பில்தான்.

தமிழில் ஒரே ‘ப’ பல ஒலிகளுக்கும் நிற்பதால், நாட்டியக் கட்டுரை ஒன்றில் வந்த ‘முகத்தில் பாவம் தெரிய வேண்டும்’ என்ற வரியில், உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும் ‘பாவம்’ என்ற சொல்லைக் கருவி புண்ணியத்துக்கு எதிரான பாவமாகவே வாசித்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், அந்தப் பெண் அப்படி என்ன தவறு செய்தாள் என்று என்னிடம் விசாரித்தார். ‘கி.மு.’, ‘ரூ.’ போன்ற சுருக்கங்களை முன்பே விரித்து எழுதிவிடுகிறேன். அது பெரிய வேலையில்லை. ஆனால் முந்நூறு பக்க நூலில் இத்தகைய சொற்களைத் தேடித் திருத்துவது ஒருவரால் ஆகிற காரியமன்று.

எப்படி வாசிக்க வேண்டும் என்று பேச்சுக் கருவிக்கு உரையிலேயே குறித்துக் காட்டும் எஸ்எஸ்எம்எல் (SSML) குறியீட்டின் வழியே தனிச்சொல்லின் உச்சரிப்பை மாற்றினால், தமிழிலும் அதை உண்மையாகவே ஏற்கும் கருவி எது? மேலும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், பைட் கணக்கில் வரம்பு வைக்கும் கருவிகளில் ஓர் அத்தியாயத்தையே பல துண்டுகளாக்க வேண்டியிருக்கிறது. வாக்கிய முடிவில் மட்டும் வெட்டும் நிரல் யாரிடமாவது இருந்தால் பகிருமாறும், துண்டுகளை இணைத்து, அத்தியாயம்விட்டு அத்தியாயம் தாவக்கூடிய, பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவமான டெய்சி (DAISY) வடிவத்துக்குக் கொண்டுபோனவர்கள் தங்கள் வழிமுறையை எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பிழையாக வாசிக்கப்பட்ட அரை நிமிடத் துணுக்கை இணைத்துள்ளேன்.