சட்டப்போரா, வழக்கேவலா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

பகை நாட்டுத் தலைவர்மீது குற்ற வழக்குத் தொடுப்பதையே போரின் ஓர் உத்தியாகக் கையாள்வதற்குச் 'சட்டப்போர்' என்னும் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. என்னால் அதை ஏற்க இயலவில்லை. 'சட்டப் போராட்டம்' என்பது நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறும் எளியவரைக் குறித்து நம் நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட தொடர். சட்டப்போர் என்றதும் வாசகர் மனம் அங்கேதான் செல்லும். மேலும், 2001இல் அமெரிக்கப் படைத்துறைச் சட்ட அலுவலர் சார்லஸ் டன்லப் பரவலாக்கிய 'லாஃபேர்' (lawfare, சட்டப்போருக்கு நேரான ஆங்கிலச் சொல்) சட்டத்தைப் போர்க்கருவியாக்கும் செயல்கள் அனைத்தையும் தழுவுவது. நமக்கு வேண்டியது அதன் ஒரு கூறுக்கான பெயர் மட்டுமே.

'பொய்வழக்கு உத்தி' என்னும் மாற்றுச்சொல் இன்னும் பிழையானது. பனாமாவின் ராணுவ ஆட்சியாளர் நோரியேகாமீது 1988 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் போதைப்பொருள் கடத்தல் வழக்குப் பதிவாயிற்று. பதவி விலகினால் வழக்கைக் கைவிடுவதாக ரீகன் அரசு பேரம் பேசி, அது முறிந்து, 1989 டிசம்பரில் அடுத்த அதிபர் புஷ் படையெடுத்தபோது அவ்வழக்கே காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. 1992இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றே தீர்த்தது. குற்றச்சாட்டு மெய்யாக இருந்தும் அது பேரப்பொருளாகவும் படையெடுப்பின் சாக்காகவும் பயன்பட முடிந்தது என்பதால், நாம் ஆக்கும் சொல் உண்மை பொய்யைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

குற்றப்பத்திரிகை என்பது தமிழ்நாட்டு வழக்கில் காவல்துறை தாக்கல் செய்யும் ஆவணத்தை நினைவூட்டுவதால், நீதிமன்றத்தில் ஒருவர்மீது முறைப்படி குற்றஞ்சாட்டுவதைக் குறிக்கும் இலங்கைச் சட்டத்தமிழின் 'குற்றப்பகர்வு' அடிச்சொல்லாகத் தகும். எனினும் 'குற்றப்பகர்வு உத்தி' வினையாக வளைந்து கொடுக்காது. ஆகவே என் பரிந்துரை 'வழக்கேவல்'. ஏவுகணையை ஏவுவதுபோல் வழக்கை ஏவுதல். வழக்கேவினர், வழக்கேவிய அரசு என்று இயல்பாக விரியும். (பில்லி சூனியத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏவலும் சிலருக்கு நினைவு வரும்; அதை நான் குறையாகக் கருதவில்லை.)

இச்சொல்லுக்கு ஏவுபவர் ஒருவர் வேண்டும் என்பதே அதன் எல்லையையும் வகுத்துவிடுகிறது. 2024 மே மாதத்தில், என்ன குற்றம் என்றுகூட விளக்காமல், ரஷ்ய உள்துறை அமைச்சகம் ஸெலென்ஸ்கியைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது; போரிடும் தரப்பே செய்ததால் அது வழக்கேவல். 2023 மார்ச்சில் உக்ரைனியக் குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடு கடத்திய குற்றச்சாட்டின் பேரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்குப் பிறப்பித்த பிடியாணையை அப்படி அழைத்தால், ரஷ்யாவின் கட்சியை நாமே பேசியவர்களாவோம். யூகோஸ்லாவிய அதிபராக இருந்த மிலோஷெவிச்தான் இடர்ப்பாடு: நேட்டோ குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த 1999 மே மாதத்தில் அவர்மீதான குற்றப்பகர்வு வெளியானது, ஆனால் அதைச் செய்தது ஐ.நா. பாதுகாப்பு அவை நிறுவிய தீர்ப்பாயம். ஏவியவர் உண்டா என்பதே வாதத்துக்குரியதாக இருக்கும் இத்தகைய இடங்களில் 'போர்க்காலக் குற்றப்பகர்வு' என்று மட்டும் எழுதலாம்.

'வழக்கு' மொழிநூலில் சொல்லாட்சியையும் குறிப்பதால் குழப்பம் நேருமா என்பதை இலக்கணம் வல்லோர் ஆராய்ந்து சொல்ல வேண்டுகிறேன்.