கட்டுநாயக்கா – ரொறன்ரோ: உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

கொக்குவிலான்:
ஜூலையில் அம்மாவை ரொறன்ரோவுக்கு, அக்காவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வயது 71, முழங்கால் வருத்தம், முதல் பிளேன் பயணம். கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் விடிய 4.00க்கு வெளிக்கிட்டு, தோகாவில் மாறி, அன்றைக்கே பின்னேரம் 3.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அம்மா விரல் மடக்கி எண்ணிவிட்டு, "பதினொன்றரை மணித்தியாலம்தானே, கொழும்பு நைட் பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூட" என்று சந்தோசமாக இருக்கிறா. நெட்டில் ஆகாயத் தூரம் 14,000 கி.மீ. என்று காட்டுகிறது. மணிக்கு 900 கி.மீ. என்று பிரித்தால் பதினைந்தரை வருகிறது. எது சரி?

நல்லூர் பென்சன்காரர்:
இரண்டும் பிழை, தம்பி. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. பதினொன்றரையோடு ஒன்பதரையைக் கூட்டுங்கள், 21.

நெட்காரன் சொல்லும் 14,000 உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ஆர்க்டிக் பக்கம் ஏறி இறங்கும், அதில் நேரடி பிளேன் இல்லை. தோகா வழியாக 3,600, பிறகு 10,900. சுற்று என்று பார்த்தால் 500 கி.மீ. மட்டும்தான். நேரத்தைத் தின்பது வேறு: முதல் பிளேன் ஐந்து, இடையில் இரண்டு, அடுத்தது பதினான்கு. மேற்கே போகையில் மேல்காற்று அநேகமாக எதிர்க்காற்று. திரும்பி வரும்போது அதே தூரம் குறைந்த நேரத்தில் முடியும்.

ஆனால் 21 என்றும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். மனுசியோடு இதே வழியால் போனபோது என் மணிக்கூட்டை மாற்றாமல் ஊர் நேரத்திலேயே விட்டிருந்தேன். படலையைப் பூட்டும்போது பின்னேரம் 4. மகன் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மூன்றாம் நாள் விடிய 4. முப்பத்தாறு! யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குப் புத்தளம் வழியாக வான் வண்டியில் ஏழு மணித்தியாலம் இருந்ததுதான் அவவின் இடுப்பை முறித்தது. பிளேன் இல்லை.

வலிகாமத்தான்:
யாழ்ப்பாணத்திலேயே பலாலி ஏர்போர்ட்டில் ஏறிச் சென்னை போனால் அந்த ஏழு மிச்சம்தானே? ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலப் பறப்பு.

ஸ்காபரோ அக்கா:
தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டி எடுத்துத் திரும்பப் போடவேண்டும், இந்திய விசாவும் வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு அது சரிவராது. கொக்குவிலான், சக்கர நாற்காலிக்கு இப்பவே சொல்லி வையுங்கள், அதற்குக் காசில்லை. எங்கள் மாமிக்குச் சொல்லாமல் விட்டு, இரண்டு மணித்தியால இடைவெளியில் கடைசி கேற் வரை நடந்தே போனா. கால் இரண்டும் பூசணிக்காய். முடிந்தால் நாலு மணித்தியால இடைவெளி உள்ள டிக்கெட்டாக மாற்றுங்கள்.

கொக்குவிலான்:
மாற்றக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் முப்பத்தாறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு கேட்கிறா: "அப்ப கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அவ்வளவு நேரம் தாங்குமோ?"